எரிபொருள் கலந்த கிணறுகளைப் பரிசோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நெடுஞ்சாலையோரக் கிராமங்களின் விவசாயிகள் சங்கத்தினர்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், தருமபுரி.

நகல்:
மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்,
தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

பொருள்: கிணறு, போர்வெல்களில் பெட்ரோல், டீசல் கலப்பு – மாதிரி எடுத்தல், கழிவை அகற்றுதல் – தொடர்பாக.



எங்கள் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடுக்குத் தீர்வாக 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. ஆனால் மாட்டுக்கும் தக்காளிக்கும் இன்றும் கிணறுதான். சேலம்–பெங்களூரு சாலையில் பெட்ரோல் பங்க்குகள் பெருகிவிட்டன; தொப்பூர் கணவாயில் லாரிகள் கவிழ்வதும் ஓயவில்லை. எங்கள் உறுப்பினர் ஒருவரின் கிணற்றில் வாளி இறக்கினால், தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் மிதக்கிறது. தொட்டியில் ஊற்றினால் மாடு மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. புகாருக்குப் பின் வந்தவர்கள் பழைய வாட்டர் கேனில் பிடித்துப் போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

கேனில் பிடித்தால் பெட்ரோலில் உள்ள பென்சீன் வழியிலேயே ஆவியாகிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறியக் கண்ணாடிக் குப்பி வேண்டும். குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். மிதக்கும் எண்ணெயின் கனத்தை முதலில் அளக்க வேண்டும். போர்வெல் என்றால், குழாயில் தேங்கிய நீரை இறைத்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

எங்களுடையது பாறை நிலம். வெடிப்பு போகும் வழியில்தான் தண்ணீரும் போகும். பக்கத்துக் கிணறு நன்றாக இருக்க, நாலு வயல் தள்ளி நாறலாம். ஆகவே பங்க்குகளையும் லாரி கவிழ்ந்த இடங்களையும் சுற்றியுள்ள எல்லாக் கிணறுகளையும் மழைக்கு முன்பும் பின்பும் பார்க்கக் கோருகிறோம்.

இறைத்த நீரையும் எண்ணெய் ஊறிய மண், துணி, கையுறைகளையும் எங்கள் வாய்க்காலில் விடக் கூடாது. மூடிய பீப்பாயில் லேபிள் ஒட்டி வைத்து, அபாயக் கழிவு விதிகள் 2016 சொல்லும் 90 நாட்களுக்குள் கும்மிடிப்பூண்டி போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எண்ணெயைக் கசியவிட்டவரே செலவை ஏற்க வேண்டும்.

2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய்க் கசிவால் வீட்டுக் கிணறுகள் கெட்டன. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெயால் கிணறுகள் பாழானதற்கு இலங்கை உச்ச நீதிமன்றம் 2019-இல் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்த நிலை எங்களுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலேயே மாதிரி எடுக்கும் தேதியை அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்