கம்பியா, குளிரா? எம்.ஆர்.ஐ. காந்தத்தின் விலை

மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. காந்தங்கள் இன்றும் பெரும்பாலும் நையோபியம்-டைட்டானியம் கம்பியில் சுற்றப்பட்டவையே. இந்த உலோகக்கலவை 9 கெல்வினுக்குச் சற்று மேலே மீக்கடத்தும் தன்மையை இழக்கிறது. காந்தப்புலமும் மின்னோட்டமும் ஏற ஏற அந்த எல்லை மேலும் இறங்கும். அதனால்தான் சுருள்கள் 4.2 கெல்வினில் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கின்றன. வழக்கமான வடிவமைப்பில் அதற்கு 1,500 லிட்டர் அளவுக்கு ஹீலியம் வேண்டும்.

மக்னீசியம் டைபோரைடு 39 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிறது என்று ஜப்பானில் ஜுன் அகிமிட்சுவின் குழு 2001-இல் கண்டறிந்தது. மூலப்பொருள் மலிவு, 20 கெல்வின் போதும் என்றால் குளிரூட்டும் சுமையும் வெகுவாகக் குறையும். இத்தாலியில் 0.5 டெஸ்லா திறந்தவகைக் கருவி ஒன்று இந்தக் கம்பியில் உருவாகி விற்பனைக்கும் வந்தது. ஆனாலும் 1.5 டெஸ்லாவில் பழைய கம்பியின் இடம் அசையவில்லை.

தடை இருப்பது இணைப்புகளில். மின்வழங்கியைக் கழற்றிய பிறகும் மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் சுருளில் ஓட வேண்டும்; புலம் மணிக்குப் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் தளரக் கூடாது. அப்படியானால் ஒவ்வொரு இணைப்பின் மின்தடையும் ஓமில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். நையோபியம்-டைட்டானியத்தில் ஈய-பிஸ்மத் பற்றாசு இதைச் சாதித்துவிடுகிறது. எளிதில் நொறுங்கும் டைபோரைடிலோ, இணைப்பைத் தூளிலிருந்து சூடாக்கி உருவாக்க வேண்டியிருக்கிறது. பத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் ஒன்று பிசகினாலும் காந்தம் பயன்படாது. குவென்ச் (மீக்கடத்தும் தன்மை திடீரென அழிவது) நேர்ந்தால் வெப்பம் மெதுவாகவே பரவுவதால், ஓரிடத்திலேயே குவிந்து கம்பியைக் கருக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

மலிவுக்கான வழி, எதிர்பார்த்ததற்கு மாறாக, பழைய கம்பியிலேயே திறந்தது. பிலிப்ஸ் 2018-இல் சுமார் 7 லிட்டர் ஹீலியத்தை நிரந்தரமாக அடைத்து வைத்த 1.5 டெஸ்லா காந்தத்தைக் கொண்டுவந்தது. சீமென்ஸின் 0.55 டெஸ்லா கருவிக்கு ஒரு லிட்டர்கூடத் தேவையில்லை. ஹீலியத்தை வெளியேற்றும் குவென்ச் குழாய் வேண்டாம் என்பதால் கட்டடச் செலவும் இறங்குகிறது.

ஆனால் ஹீலியத் தொட்டி ஒரு குளிர்க் கையிருப்பும்கூட. மின்சாரம் போனால் தொட்டியுள்ள காந்தம் நாட்கணக்கில் தாங்கும்; அடைப்புக் காந்தமோ சில மணி நேரத்திலேயே சூடேறத் தொடங்கும். 4.2 கெல்வினில் 1.5 வாட் வெப்பத்தை அகற்றும் குளிர்முனைக்கு (கோல்டு ஹெட்), கம்ப்ரசர் 7 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கிறது. ஜெனரேட்டரையும் நீர்க்குளிர்விப்பானையும் (சில்லர்) சேர்க்காமல் சொல்லப்படும் விலை அரைகுறைக் கணக்கே.

மும்பை சமீர் நிறுவனத்தின் தலைமையில் நடக்கும் இந்திய முயற்சியில், தில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கும் 1.5 டெஸ்லா காந்தமும் நையோபியம்-டைட்டானியத்தையே நம்பியிருக்கிறது. மின்வெட்டு பழகிப்போன மாவட்ட மருத்துவமனைக்கு அடைப்புக் காந்தத்தை வாங்குவோர் கேட்க வேண்டியவை இரண்டு: கம்ப்ரசர் நின்றால் புலம் எத்தனை மணி நேரம் நிற்கும், மீண்டும் குளிர்வித்துப் புலமேற்ற எத்தனை நாள் ஆகும்.