முதல்வருக்கு 30 நாள், ஆளுநருக்கு 5 வருஷம்: இதுதான் சமமா?



2024 மார்ச் 21. டெல்லி முதல்வராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலை, பதவியில் இருக்கும்போதே அமலாக்கத்துறை கைது செய்தது. சட்டப்படி பிரதமரையும் இப்படிக் கைது செய்யலாம். ஆனா குடியரசுத் தலைவரையும் ஆளுநரையும் மட்டும் தொட முடியாது. காரணம், அரசியலமைப்புச் சட்டத்தின் 361-வது பிரிவு.

அதுல என்ன இருக்கு? பதவியின் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்யும் எதற்கும் இவங்க எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதவிக்காலம் முடியும் வரை எந்தக் குற்ற வழக்கும் தொடர முடியாது. ஏற்கெனவே இருக்கும் வழக்கும் நகராது. கைது வாரன்ட்டும் கிடையாது.

ஆளுநர் எடுத்த முடிவை நீதிமன்றம் ஆராயலாம். பீகார் சட்டமன்றக் கலைப்பு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாச் சொல்லிடுச்சு. ஆனா முடிவெடுத்த ஆளைக் கேள்வி கேட்க முடியாது.

உயர்ந்த பதவிக்குப் பாதுகாப்பு வேணும்தான். போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஆளாளுக்கு கேஸ் போட்டா வேலை நடக்காது. அதை நாம மறுக்கல. ஆனா 361(2) அலுவல் வேலை எது, சொந்தக் குற்றம் எதுன்னு பிரிக்கவே இல்லை. அங்கதான் சிக்கல்.

டிரம்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 1 அன்று, 6-க்கு 3 என்ற கணக்கில், அதிபரின் அலுவல் சார்ந்த செயல்களுக்குப் பெரிய விலக்கு கொடுத்தது. பதவி போன பிறகும் அந்த விலக்கு தொடரும். அது ஆபத்தான தீர்ப்புதான். ஆனா அந்தத் தீர்ப்புகூட, சொந்தச் செயல்களுக்கு விலக்கே இல்லைன்னு சொல்லுது. இங்க பதவி முடிஞ்சா வழக்கு வரலாம். பதவியில் இருக்கும் வரை எல்லாத்துக்குமே பூட்டு.

இந்தப் பூட்டு யாரைத் தடுக்குது? 2024 மே மாதம், கொல்கத்தா ஆளுநர் மாளிகையில் ஒப்பந்த ஊழியராக இருந்த ஒரு பெண், அன்றைய ஆளுநர் மீது பாலியல் புகார் கொடுத்தார். ஆளுநர் மறுத்தார். யார் சொல்வது உண்மைன்னு நாம தீர்ப்பு சொல்ல வரல. அதை விசாரணைதான் சொல்லணும். ஆனா குறுக்கே 361 வந்து நின்னுச்சு. அந்தப் பெண் உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியதாச்சு. வருஷக்கணக்கா காத்திருந்தா சாட்சியும் சிசிடிவி பதிவும் அப்படியே இருக்குமா?

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. 2025 ஆகஸ்ட் 20-ல் ஒன்றிய அரசு 130-வது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. 5 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை தரக்கூடிய ஒரு குற்றச்சாட்டில் கைதாகி, தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தா முதல்வர் பதவி காலி. குற்றம் நிரூபணமாக வேண்டாம். குற்றப்பத்திரிகைகூட வேண்டாம். பிரதமரையும் சேர்த்திருக்காங்க, சரி. ஆனா அமலாக்கத்துறையும் சிபிஐயும் யார் கையில இருக்கு?

அந்த மசோதாவில் ஆளுநரின் பதவி பறிபோவது பற்றி ஒரு வரியும் இல்லை.

மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் 30 நாளில் வீட்டுக்கு. யாருமே ஓட்டுப் போடாத, ஒன்றிய அரசு அனுப்பிவைத்தவருக்கு 5 வருஷக் கவசம். குடியரசுத் தலைவரையாவது நாடாளுமன்றம் பதவிநீக்கத் தீர்மானம் போட்டு நீக்கலாம். ஆளுநரை நீக்க மாநில சட்டமன்றத்துக்கு எந்த வழியும் இல்லை.

நாம கேட்கிறது மூணே விஷயம்:

🔹 361-ன் பாதுகாப்பு அலுவல் பணிக்கு மட்டும் இருக்கணும்.
🔹 சொந்தக் குற்றப் புகார்னா உடனே விசாரிச்சு ஆதாரங்களைப் பத்திரப்படுத்தணும்.
🔹 ஆளுநரை நீக்கக் கோரும் அதிகாரம் மாநில சட்டமன்றத்துக்கு வேணும்.

நாளைக்கு நம்ம ஆட்சியே ஒருத்தரை ஆளுநராக அனுப்பினாலும், இதே கோரிக்கைதான் நமக்கு. ஆளைப் பார்த்து மாறினா அது சட்டம் இல்லை.

'சட்டத்தின் முன் அனைவரும் சமம்'னு 14-வது பிரிவு சொல்லுது. அந்த 'அனைவரும்'ல ஆளுநர் மாளிகையும் சேரணும். படிச்சுட்டு உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் பகிருங்க. அங்கதான் இந்தப் பேச்சு தொடங்கணும்.

#சட்டத்தின்முன்சமம் #மாநிலஉரிமை