வெளிக்களம் இல்லாச் சூழலியல்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவனிடம் உணவுச் சங்கிலி ஒன்றைக் கூறுமாறு கேட்டால், புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுவான். அவன் வீட்டுக் கிணற்றில் நீர் எவ்வாறு நிற்கின்றது என்று கேட்டால் மௌனமே விடையாகும். அதற்காக அவனைக் குறைகூறுதல் நியாயமன்று. பரீட்சை முன்னதைக் கேட்டது, பின்னதைக் கேட்கவில்லை.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் இது. மாரியில் ஓடிக் கோடையில் மறையும் வழுக்கையாறு ஒன்றுதான் ஆறெனும் பெயருக்கு உண்டு. ஐப்பசி கார்த்திகை மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. மனிதனும் மாடும் வெங்காயப் பாத்தியும் அந்த வில்லையையே பகிர்ந்து வாழ்கின்றன. அளவு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்தில் இட்ட யூரியாவும் மலகூடக் குழியின் கசிவும் அதே வெடிப்புகளின் வழியே அதே நீரை அடைகின்றன. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அவற்றை நைத்திரேற்றாக்குகின்றன. பயிர் உறிஞ்சாது விட்டது கிணற்றுக்கு வருகின்றது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதனைக் கடந்துள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நைதரசன் வட்டத்தின் அம்புக்குறிகளைப் பிழையின்றி வரைந்து முழுப் புள்ளி பெறும் மாணவன், அவ்வம்புகளுள் ஒன்றைத் தினமும் குடித்து வருகின்றான் என்பதை எந்த வகுப்பறை அவனுக்குச் சொல்கின்றது?

பனையோலையைப் புதைத்தும் ஆட்டுப்பட்டி அடைத்தும் மண்ணை வளர்த்த கமக்காரன் பிரிகையாக்கிகள் என்னும் சொல்லை அறியான். அவற்றின் தொழிலை அறிவான். சொல்லை அறிந்து தொழிலை அறியாத தலைமுறையொன்றைப் பாடசாலைகள் உருவாக்குகின்றன.

பாடத்திட்டம் பெரிது, நேரம் சிறிது என்பது ஆசிரியர் தரப்பின் விடை. அதில் ஓரளவு உண்மையுண்டு. தமிழறிஞர் சிலரின் விடையோ விந்தையானது. தொல்காப்பியம் கருப்பொருளெனச் சூழலியலை அன்றே சொல்லிவிட்டதாம்! மரமும் மாவும் புள்ளும் தொழிலும் நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டமை பெருமைக்குரியதே. ஆயினும் பட்டியல் உறவாகாது. எது எதனை உண்கின்றது, எது அழிந்தால் எது பட்டினி கிடக்கும் என்ற வினாவை அப்பட்டியல் எழுப்பவில்லை. 1935இல் ரான்சிலி சூழற்றொகுதி என்னும் கருத்தை முன்வைத்தபோது உயிருள்ளதையும் உயிரற்றதையும் ஒரே தொகுதியாகக் கண்டார். அதனை முன்னோர் தலையில் ஏற்றிவைப்பதால் ஒரு கிணறும் தூய்மையாகாது.

தொண்டைமானாற்றில் வெளிக்கள நிலையம் என்றொரு நிறுவனம் உண்டு. பெயரிலேயே வெளிக்களம் இருக்கின்றது. எனினும் குடாநாட்டு மாணவர் பெரும்பாலும் அதனை அறிவது அதன் உயர்தர முன்னோடி வினாத்தாள்களின் வாயிலாகவே. குற்றம் நிலையத்தினதன்று, வினாத்தாளையன்றி வேறெதையும் கேட்டுப் பெறாத சமூகத்தினது. அவ்வூரின் தடுப்பணையோ ஒரு முழுப் பாடநூல். கதவை மூடினால் மாரிநீர் தேங்கி நிலத்தடி நீரை நன்னீராக்கும். திறந்தால் இறாற்குஞ்சுகள் கடலிலிருந்து கடனீரேரிக்குள் வளரவரும். கமக்காரனும் மீனவனும் ஒரு கதவில் பிணைந்துள்ளனர்.

அடுத்த வினாத்தாளில், அக்கதவடியில் ஒரு பகலேனும் நில்லாதவன் விடையெழுத முடியாத வினா ஒன்று இடம்பெறட்டும்.