தோள்பட்டைச் சின்னங்கள்

செம்படை வரலாறு என்று நம்மிடையே புழங்குவது வரலாறு அல்ல, ஸ்தல புராணம். மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த புத்தகங்களில் அது பாராயணமாயிற்று. ‘வீரம் விளைந்தது’, ‘உண்மை மனிதனின் கதை’, ‘அதிகாலையின் அமைதியில்’. கடைசி நாவல் இன்றும் நிற்கும் (2009இல் ஜனநாதன் அதைத் தழுவித்தான் ‘பேராண்மை’ எடுத்தார்). என் சண்டை வந்த புத்தகங்களோடு அல்ல. வராதவற்றைக் கேட்காதிருந்த நம் முற்போக்கு விமர்சகர்களோடு.

1918 ஜனவரியில் ஆணை பிறந்தது. சிப்பாய்களே தளபதியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை அந்த ஆண்டிலேயே ட்ராட்ஸ்கி ஒழித்தார். ஜாரின் பழைய அதிகாரிகளைச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் துரோகம் செய்தால் குடும்பம் பிணை. அப்படித்தான் உள்நாட்டுப் போர் வெல்லப்பட்டது. 1921 மார்ச்சில் க்ரோன்ஸ்டாட் மாலுமிகளைத் துகாசெவ்ஸ்கி நசுக்கினார். அதே ஆண்டு தாம்போவ் விவசாயிகள்மீது விஷவாயு பிரயோகிக்க உத்தரவிட்டார். 1937 ஜூனில் அவரையே சுட்டார்கள். 1935இல் பட்டம் பெற்ற ஐந்து மார்ஷல்களில் களையெடுப்புக்குத் தப்பியவர்கள் இருவர். புரட்சியில் பிய்த்தெறிந்த தோள்பட்டைச் சின்னங்கள் 1943இல் திரும்பின. 1946இல் ‘செம்படை’ என்ற பெயரே போயிற்று. வர்க்கத்தின் படை அரசின் படையான கதை இது. 1956இல் புடாபெஸ்ட்டிலும் 1968இல் ப்ராக்கிலும் நுழைந்தது இந்த இரண்டாவது படைதான்.

தப்பிய இருவரில் ஒருவர் புத்யோன்னி. தன் குதிரைப்படையை ஐஸக் பாபெல் அவதூறு செய்கிறார் என்று 1924இல் பாய்ந்தவர். பாபெல் 1920இல் அந்தப் படையோடு போலந்துப் போர்முனைக்குப் போனவர், கண்டதை எழுதினார். ஸ்டாலின்க்ராடில் சிப்பாய்களோடு கிடந்த வாஸிலி க்ராஸ்மனின் நாவலை 1961இல் கைப்பற்றியவர்கள் கார்பன் தாளையும் டைப்ரைட்டர் ரிப்பனையும்கூட விடவில்லை. ஒரு ரிப்பனுக்குப் பயப்படும் ராஜ்யத்தின் பலம் எங்கே இருந்தது என்று நம் விமர்சகர்கள் யோசித்திருக்க வேண்டாமா?

இதைப் படித்து எதிர்முகாம் குதூகலிக்க வேண்டாம். பாபெலின் சவத்தைத் தூய இலக்கியத்தின் கொடிக்கம்பமாக நட்டுக்கொண்டவர்களுக்கும் பதில் சொல்லும் கடன் உண்டு. பாபெல் என்ற யூதரைச் சுட்டது 1940 ஜனவரி 27. ஆஷ்விட்ஸ் முகாமின் கதவைச் செம்படை திறந்தது 1945 ஜனவரி 27. சரியாக ஐந்து வருஷம். ஹிட்லரை எதிர்த்து மாண்ட சோவியத் ராணுவத்தினர் சுமார் 87 லட்சம். ஒரே நட்சத்திரத்தின் கீழ் இரண்டும் நடந்தன. ஒன்றை மட்டும் சொல்கிறவன் பாதிப் பொய்யன். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துவிடுகிறவன் முழுப் பொய்யன்.

ஊத்துக்கோட்டைப் பக்கத்தவனுக்கு இது புதிதல்ல. 1960இல் ஆந்திரத்தோடு எல்லை மாற்றிக்கொண்டபோது பக்கத்துச் சத்தியவேடு அந்தப் பக்கம் போயிற்று. கோடு வரைந்தவன் எழுதிவைப்பது ஒன்று, கோட்டின்மேல் குடியிருப்பவன் சொல்வது வேறு. ராணுவங்களின் வரலாற்றை இதுவரை கோடு வரைந்தவர்களே எழுதினார்கள். கோட்டின்மேல் நின்று எழுதியவர்கள் பாபெலும் க்ராஸ்மனும். தமிழ் விமர்சகன் யார் பக்கம் என்பதை அவன் கட்சி அட்டை சொல்லாது. படிக்காமல் ஒதுக்கிய புத்தகங்களின் பட்டியல் சொல்லும்.