அரியர் வைத்தவன் மேலே போகட்டும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து அரசு கலைக் கல்லூரிகளில் ஒரு நடைமுறை உண்டு. முதல் பருவத்தில் எத்தனை தாள் போனாலும் அடுத்த பருவத்துக்குப் போகலாம். வருகைப் பதிவு இருந்தால் போதும். போன தாளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

"இதனாலதான் சார் தரமே கெட்டுப்போச்சு" என்பார் வங்கியில் என் பக்கத்து இருக்கைக்காரர். யாருடைய தரம்?

நானும் அரியர் வைத்தவன்தான். முதல் பருவத்து இங்கிலீஷ். ஊரில் டியூஷன் இருந்தது, காலனியில் இல்லை. மூன்றாம் தடவைதான் தேறினேன். அன்றைக்கே முதல் வருசத்தில் நிறுத்தியிருந்தால் அப்பாவோடு கரும்பு வெட்டப் போயிருப்பேன். ஒரு வருசம் சும்மா உட்காரவைத்துச் சோறு போட எங்களுக்கென்ன நிலமா இருந்தது?

ஹைதராபாத் ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் போதிய கிரெடிட் எடுக்காதவன் அடுத்த ஆண்டுக்குப் போக முடியாது. அந்த விதி இங்கேயும் வந்தால் முதலில் நிற்கப்போவது யார்? 1944இல் தொடங்கிய மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையும், அடுத்த வகுப்புக்கு ஏறினால்தான் ஒழுங்காகத் தொடரும். வகுப்பு நின்றால் காசும் நிற்கும்.

1917இல் உதவித்தொகை முடிந்து, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவந்தார் அம்பேத்கர். நான்கு ஆண்டுக்குள் திரும்பிவந்து தொடரலாம் என்று அனுமதி இருந்தது. 1920இல் போனார். 1923இல் டி.எஸ்சி. வாங்கினார். கதவைச் சாத்தாத ஒரு விதியின் மதிப்பு அது.

ஆனால் தோழர்களே, மேலே ஏற்றிவிட்டால் மட்டும் போதுமா? கடன் விண்ணப்பத்தோடு வரும் தம்பியிடம் என்ன படிப்பு என்று கேட்கிறேன். "பி.ஏ. முடிச்சேண்ணே... நாலு பேப்பர் அரியர்" என்று தலையைக் குனிகிறான். மூன்று வருசம் போய்வந்தும் பட்டம் கையில் இல்லை. வேலைக்கு மனுப் போடும்போது அவன் இன்னமும் பிளஸ் டூதான்.

2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்த அரியர்காரர்களுக்குப் பரீட்சை இல்லாமலே தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. 2021இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாம் கேட்பது அந்தச் சலுகையை அல்ல. பாடத்தைக் கேட்கிறோம்.

அரியர் தாளுக்குக் கட்டணம் வாங்கத் தெரிகிறது, தேதி குறிக்கத் தெரிகிறது. அந்தத் தாளுக்கு வகுப்பு எங்கே? விழுந்தவனுக்கு அந்தப் பாடத்தை மறுபடி நடத்தவேண்டியது கல்லூரியின் கடமை என்று விதியில் எழுது. மாலையில் நடத்து, கோடை விடுமுறையில் நடத்து.

அதை எழுதாமல் தரம் பற்றி எங்களிடம் பேசாதே.