வாக்குத்தத்த அட்டையும் ஊழிய அழைப்பும்

டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனை முடிந்ததும் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வழக்கம் உண்டு. ‘புறப்பட்டுப் போ’ என்கிற மாதிரி ஒரு வசனம் கையில் விழுந்துவிட்டால், வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போய்விடலாமா என்று வாரக்கணக்கில் தூக்கம் கெடுகிற வாலிபர்களும் உண்டு. இது கர்த்தருடைய அழைப்பா, என் ஆசையா? எப்படிக் கண்டுகொள்வது?

பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துச் சபை ஐயரின் மகனாகப் பிறந்தவர் வே. சா. அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர், 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனெரிகளை வெளியே அனுப்பித் தாங்குவதைப் பார்த்தார். இத்தனை பெரிய திருநெல்வேலித் திருச்சபைக்கு அப்படி ஒரு சங்கம் இல்லையே என்று வெட்கப்பட்டார். நம்மூரில் ‘பாரம்’ என்கிறோமே, அது இப்படித்தான் வரும். மறு வருஷமே, 1903-ல், இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது.

நான் கவனிக்கச் சொல்வது இதற்கு அடுத்த கட்டத்தை. அசரியா உடனே பெட்டி கட்டவில்லை. சங்கத்தின் முதல் மிஷனெரியாகத் தெலுங்கு பேசும் டோர்னக்கல்லுக்குப் போனவர் சாமுவேல் பாக்கியநாதன். மற்ற வாலிபர்களைப் போகச் சொல்லிக்கொண்டிருந்த அசரியாவுக்கு, ‘நீ ஏன் போகவில்லை?’ என்ற கேள்வி தன் பக்கமே திரும்பியது. 1909-ல் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்புவோடு டோர்னக்கல் போனார். முப்பது வயதுக்கு மேல் தெலுங்கு படித்தார். 1912 டிசம்பர் 29-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பாரத்துக்கும் பயணத்துக்கும் நடுவே ஏழு வருஷம். மேடையில் சாட்சி சொல்லும்போது நாம் விழுங்கிவிடுவது இந்த ஏழு வருஷத்தைத்தான்.

இடம் மாறிப்போவதும் உண்டு. டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் முதலில் போனது ஜப்பானுக்கு; உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1895-ல் இந்தியா வந்தும், தன் வேலை இன்னதென்று தெரிய 1901 ஆனது. இந்துக் கோயிலுக்கு விடப்பட்டு அங்கிருந்து தப்பி ஓடிவந்த ஒரு சிறுமி அவரிடம் சேர்ந்த வருஷம் அது; அப்படிப்பட்ட பிள்ளைகளைக் காப்பதுதான் அந்த வேலை.

இன்னொன்று, அழைக்கப்பட்டவனுக்கே அழைப்பு புரியும் என்று கிடையாது. சிறுவன் சாமுவேல் சத்தம் கேட்டு மூன்று முறை ஏலியிடம்தான் ஓடினான்; யாருடைய சத்தம் என்று கண்டுகொண்டவர் அந்தப் பெரியவர்தான். ‘ஐயரிடம் சொன்னால் தடுத்துவிடுவார்’ என்று மறைக்கிற அழைப்பு எனக்குச் சந்தேகத்தையே தருகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கும் சேகரத்துக்கும் முன்னால் வைத்துப் பார்த்தபின் நிற்கிறதா? கன்வென்ஷன் பந்தலைப் பிரித்து ஆறு மாதம் ஆன பிறகும் நெஞ்சை அழுத்துகிறதா?

அழைப்பு என்றாலே அங்கியும் பிரசங்க பீடமும் என்று நினைப்பதும் தவறு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கியவர்கள் பிரசங்கிகள் அல்ல, ஆசிரியைகள்.

எனவே தம்பி, அட்டை வந்த வாரத்தில் ராஜினாமா கடிதம் எழுதாதே. அதை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு, உன்னை நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவரை இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்.