எண்பத்தொன்பது வாக்குகள் சொல்லும் பாடம்



"என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?" தேர்தல் வரும்போதெல்லாம் நம் கடைவீதிகளிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் படிக்காதவர் அல்ல. பட்டம் பெற்ற இளைஞரும் கேட்கிறார். கோடிக் கணக்கில் கொள்முதல் செய்யும் வணிகரும் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நாம் மேடை போட்டுப் பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு தொகுதியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

கேரளத்தின் வடகோடியில், கர்நாடக எல்லையைத் தொட்டு நிற்கிறது மஞ்சேசுவரம். கேரளச் சட்டமன்றத் தொகுதிகளின் வரிசையில் எண் 1. நமக்கு முற்றிலும் அந்நியமான மண்ணும் அல்ல. 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்த பகுதிதான் அது. மலையாளம், கன்னடம், துளு, கொங்கணி, பியாரி, மராத்தி, உருது என்று பல மொழிகள் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர்.

2016ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் அங்கே முஸ்லிம் லீக் வேட்பாளர் பி.பி. அப்துல் ரசாக் பெற்ற வாக்குகள் 56,870. பாரதீய ஜனதா வேட்பாளர் கே. சுரேந்திரன் பெற்றவை 56,781. வித்தியாசம் வெறும் 89!

எண்பத்தொன்பது வாக்குகள் என்றால் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் ஒரு சிறிய தெருவில் இருக்கும் வாக்காளர்கள் அவ்வளவுதான். ஒரு திருமண வீட்டின் முதல் பந்தியில் உட்காருபவர்கள் அதைவிட அதிகம். அதே தேர்தலில் சுரேந்திரன் என்ற பெயரோடு ஒலி நெருங்கிய பெயர் கொண்ட இன்னொரு வேட்பாளருக்கு 467 வாக்குகள் விழுந்தன. அந்த 467இல் ஒரு தொண்ணூறு இடம் மாறியிருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். "என் ஒரு ஓட்டு" என்று அலட்சியமாகப் பேசும் சகோதரர் இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

இந்த 89 எப்படி வந்தது என்று அறிய வேண்டுமானால் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் மஞ்சேசுவரத்தில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. சுயேச்சை வேட்பாளர் எம். உமேஷ் ராவ் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று அந்த மண்ணின் கேள்வி மதம் அல்ல, மொழி! காசர்கோடு கேரளத்தோடு இருப்பதா, கர்நாடகத்தோடு சேர்வதா என்பதே அன்றைய வழக்கு. 1960இலும் 1967இலும் வென்ற மகாபல பண்டாரி அந்தக் கன்னட உணர்வின் குரலாகவே சட்டமன்றம் சென்றார். சந்திரகிரி ஆற்றுக்கு வடக்கே உள்ள பகுதியைக் கர்நாடகத்தோடு சேர்க்கலாம் என்று 1967இல் மகாஜன் ஆணையமே பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

அடுத்து மொழிக் கேள்வி பின்னுக்குப் போனது. உழைப்பவரின் கேள்வி முன்னுக்கு வந்தது. 1970, 1977, 1980, 1982 என நான்கு தேர்தல்களில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கே வெற்றி. முதல் இரண்டில் எம். ராமப்பா, அடுத்த இரண்டில் டாக்டர் ஏ. சுப்பாராவ்.

1987இல் காற்று திரும்பியது. முஸ்லிம் லீகின் செர்க்களம் அப்துல்லா வென்றார். 1991, 1996, 2001 என்று தொடர்ந்து நான்கு முறை அவரே. ஆனால் ஒவ்வொரு வெற்றியும் எளிதாக வந்ததா? இல்லை. 1991இல் பாரதீய ஜனதாவின் கே.ஜி. மாராரை அவர் முந்தியது 1,072 வாக்குகளில்தான். 2001இல் அந்த வித்தியாசம் பதின்மூன்றாயிரத்தைத் தாண்டியது. செர்க்களம் அமைச்சரும் ஆனார். இனி இந்தத் தொகுதி நம் கைவிட்டுப் போகாது என்று நினைத்தவர்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

2006 வந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் சி.எச். குஞ்ஞம்பு 4,829 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இரண்டாம் இடம் பாரதீய ஜனதாவுக்கு. நான்கு முறை வென்ற செர்க்களம் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்!

சகோதரர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சிந்தியுங்கள். தொகுதி என்பது தந்தை மகனுக்கு எழுதி வைக்கும் சொத்து அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய குத்தகை அது. "நம் மக்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்?" என்று எந்தக் கட்சி நினைத்தாலும், மக்கள் போய்க் காட்டுவார்கள். முஸ்லிம் லீகுக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளரை மதிக்காத வணிகர் பழைய பெயர்ப்பலகையை நம்பி எத்தனை நாள் காலம் தள்ள முடியும்?

2011இல் அப்துல் ரசாக் தொகுதியை மீட்டார். சுரேந்திரனைவிட 5,828 வாக்குகள் அதிகம். அடுத்த தேர்தலில் அது 89 ஆகச் சுருங்கியது. 2018 அக்டோபரில் ரசாக் காலமானார். 2019 இடைத்தேர்தலில் எம்.சி. கமருதீன் 7,923 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அவர் 2020 நவம்பரில் நகைக்கடை முதலீட்டு மோசடி வழக்கில் கைது செய்யப்பட்டார். குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. ஆனால் வணிகச் சகோதரர்கள் ஒன்றை உணர வேண்டும். கடையின் நாணயம் வேறு, பொதுவாழ்வின் நாணயம் வேறு என்று மக்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. 2021இல் லீக் வேட்பாளரை மாற்றியது. ஏ.கே.எம். அஷ்ரப் 65,758 வாக்குகள், சுரேந்திரன் 65,013 வாக்குகள். வித்தியாசம் 745!

இந்த எண்களிலிருந்து "எல்லாரும் ஒன்று திரண்டால் போதும், வேறு யாரும் தேவையில்லை" என்ற முடிவுக்கு எந்த இளைஞரும் வந்துவிடக் கூடாது. அது தவறான பாடம். 2016இல் மூன்றாம் இடம் பெற்ற குஞ்ஞம்புவுக்கும் 42,565 பேர் வாக்களித்திருக்கிறார்கள். முக்கோணப் போட்டி நடக்கும் தொகுதியில் எந்தச் சமுதாயமும் தனித்து நின்று கரையேற முடியாது. லீக் அங்கே வென்றதெல்லாம் ஐக்கிய ஜனநாயக முன்னணியின் வேட்பாளராக. அடுத்த வீட்டு இந்துச் சகோதரரின் வாக்கும், எதிர்க் கடைக் கிறிஸ்தவச் சகோதரரின் வாக்கும் சேர்ந்துதான் அந்த 89 மிஞ்சியது. அவர்களைப் புண்படுத்தும் ஒரு பேச்சு, ஒரு சுவரொட்டி போதும், மிஞ்சியது கரைந்து போக!

இன்னொரு பாடமும் உண்டு. 2016 முடிவை எதிர்த்துச் சுரேந்திரன் கேரள உயர் நீதிமன்றம் சென்றார். வெளிநாட்டில் இருப்பவர்கள், இறந்தவர்கள் பெயரில் கள்ள வாக்குகள் விழுந்தன என்பது குற்றச்சாட்டு. இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒருவருக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்தபோது அவர் உயிரோடு இருந்தார்! குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாமலே 2019இல் அந்த வழக்கு திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் மூன்றாண்டுகள் ஒரு தொகுதியின் மக்கள் "நான் உயிரோடுதான் இருக்கிறேன், நான்தான் ஓட்டுப் போட்டேன்" என்று சாட்சி சொல்லும் நிலை வந்ததே, அதை எண்ணிப் பாருங்கள்.

இது நமக்கும் பொருந்தும். வளைகுடாவில் பிள்ளைகள் இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை? அண்ணன் துபாயில் இருக்கிறான் என்பதற்காக அவன் ஓட்டைத் தம்பி போடுவது சட்டப்படி குற்றம். மார்க்கப்படியும் அது பொய்ச் சாட்சிக்கு நிகரானது. அதற்கு நேர்வழி இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர் தம் கடவுச்சீட்டு முகவரியிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. அதற்கான படிவம் 6ஏ. விடுமுறையைத் தேர்தல் நாளோடு பொருத்திக்கொண்டு ஊருக்கு வந்து வாக்களிப்பவர்கள் கேரளத்தில் உண்டு. நம்மில் எத்தனை பேர் அந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

வாக்காளர் பட்டியலை நாம் தேர்தலுக்கு முதல் நாள்தான் தேடுகிறோம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீடு வீடாகப் படிவம் வந்தது. வாடகை வீடு மாறியவர், பிழைப்புக்காக வெளியூர் போனவர், கடையிலேயே காலத்தைக் கழிப்பவர் ஆகியோரின் பெயர்கள்தாம் இத்தகைய திருத்தங்களில் முதலில் விடுபடும். நம் வணிகர்களில் பலர் இந்த மூன்றில் ஒன்று அல்லவா!

இது கேரளத்துக் கதை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 2016இல் நம் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49. 2021இல் சென்னை தியாகராய நகரில் 137.

ஆகவே, இளைஞர்களே! கூட்டத்துக்குக் கொடி கட்டும் உற்சாகத்தில் பாதியையாவது வாக்காளர் பட்டியலுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் இருவர் பொறுப்பேற்றுப் பட்டியலை வீடு வீடாகச் சரிபாருங்கள். பதினெட்டு நிறைந்த தம்பி தங்கைகளின் பெயரைச் சேருங்கள். மவுத்தானவர்களின் பெயரை நீக்கச் சொல்லி நீங்களே மனுக் கொடுங்கள். நம் பட்டியல் சுத்தமாக இருந்தால் நம் மீது விரல் நீட்ட யாருக்கும் இடமிராது.

வணிகப் பெருமக்களே! வாக்குப்பதிவு நாளில் உங்கள் கடை ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தருவது சட்டம் விதித்த கடமை. அவர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவராக இருந்தாலும் அனுப்பி வையுங்கள். நீங்களும் காலையிலேயே குடும்பத்துப் பெண்களோடு சென்று வாக்களியுங்கள்.

தினமும் இரவில் கல்லாவை எண்ணி, ஒரு ரூபாய் குறைந்தாலும் பேரேட்டைப் புரட்டித் தேடுகிறவர்கள் நீங்கள். அந்தக் கவனத்தில் ஒரு பங்கை வாக்காளர் பட்டியலுக்கும் கொடுங்கள். இந்த வாரமே உங்கள் வாக்குச்சாவடிப் பட்டியலை எடுத்து வீட்டார் பெயர்களைப் பாருங்கள். விடுபட்டிருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.